கடல் லூரைக் குளத்தில் வீசலாமா? கொங்குப் பக்கத் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஞாயிறு விடிந்தால் கடலோரக் கற்களின் மேல் நின்று பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் லூர், அதாவது மீன் ஏமாந்து கவ்வும் பொய் இரை, வீசுவேன். கோபிச்செட்டிபாளையத்துக்கே திரும்பி வந்தபோது பெட்டி நிறையக் கடல் லூர்கள் இருந்தன. கடல்தான் இல்லை. குளமும் கீழ்பவானி வாய்க்காலும் பவானிசாகரும் இருந்தன. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இங்கே மீன் பிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பாடத்தைத்தான் இப்போது பலரும் கேட்கிறார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

அண்ணா, கடலுக்கு வாங்கின லூர் நம்ம குளத்து விராலுக்கு வேலை செய்யுங்களா?

செய்யும். ஆனால் கடலில் வீசியது மாதிரியே வீசினால் செய்யாது. கடலில் பாறை மீன் திறந்த தண்ணீரில் கூட்டமாகத் திரியும், இரையைத் துரத்தித் துரத்தி அடிக்கும். வேகமாக இழுக்கிற லூர்தான் அதற்குப் பிடிக்கும். குளத்து விரால் அப்படியில்லை. ஆகாயத்தாமரைக்கு அடியிலோ கோரைப் புல் ஓரத்திலோ அசையாமல் கிடக்கும். இரை தன் வாய்க்கு முன்னால் வந்து தடுமாறும்போதுதான் பாயும். கடல் மீன் துரத்துகிறது, குளத்து மீன் காத்திருக்கிறது. லூரின் எடை, முள்ளின் தடிமன், இழுக்கும் வேகம், வீசும் இடம் என்று நாம் மாற்ற வேண்டிய எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

பாஸ், பாஸ் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே, அது என்ன மீன்? நம்ம ஊரில் கிடைக்குமா?

பெரிய வாய் பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். லார்ஜ்மவுத் பாஸ் என்று சொல்வார்கள். நம் குளங்களின் மீன் அல்ல. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். 77 வருஷம் கழித்து, 2009-இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் அதற்கு இணையான எடையில் ஒன்றைப் பிடித்தார்.

நமக்கு அந்த மீன் இல்லாவிட்டாலும் அதற்காகச் செய்த சாமான்கள் கட்டாயம் தேவை. பாஸும் விராலும் சொந்தக்காரர்கள் அல்ல, ஆனால் இரை பிடிக்கும் குணம் ஒன்றுதான். நிழலில் பதுங்குவதும், தவளையை மேற்பரப்பில் அடிப்பதும், பாசிக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவதும் இரண்டுக்கும் பொது. இன்று நம் பையன்கள் விராலுக்கு வீசுகிற உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை, பாஸ் பிடிக்கிறவர்கள் உருவாக்கியதுதான்.

கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஏசியன் சீ பாஸ் என்பார்கள். அது கடல், கழிமுகம், ஆறு மூன்றிலும் வாழும் வேறு குடும்பத்து மீன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெட்டியில் இருக்கும் கடல் லூர்களில் எதை எடுப்பது, எதை விடுவது?

60 கிராமுக்கு மேல் உள்ள பெரிய பாப்பர்களை, அதாவது மிதந்தபடி இழுத்தால் தண்ணீரில் சத்தம் எழுப்பும் லூர்களை, அப்படியே மூடி வையுங்கள். குளத்தில் அது விழும் சத்தத்துக்கே சுற்றுவட்டாரத்து மீன் எல்லாம் அடங்கிவிடும். கழிமுகத்தில் வீசுகிற 6, 7 செ.மீ. நீளமுள்ள, 10 முதல் 15 கிராம் வரையிலான சின்ன பாப்பர் இருந்தால் அது தங்கம். கடலில் தொடர்ந்து 'டப் டப்' என்று இழுப்போம் அல்லவா? இங்கே ஒரே ஒரு முறை இழுங்கள். எழுந்த வளையம் முழுக்க அடங்கும் வரை கையை அசைக்காதீர்கள். பிறகு இன்னொரு முறை. பெரும்பாலும் லூர் சும்மா நிற்கிற அந்த நேரத்தில்தான் அடி விழும்.

பென்சில் வகை லூர்கள், அதாவது மேற்பரப்பில் இடமும் வலமுமாக நெளிந்து வருபவை, பாசி இல்லாத திறந்த ஓரங்களுக்கு நன்றாக உதவும். இந்த வகையில் பேர் போன ஹெடன் கம்பெனியின் ஸாரா ஸ்பூக் முதலில் பாஸுக்காகச் செய்யப்பட்டு, அப்புறம்தான் கடலுக்குப் போனது. இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடக்கிறது.

வால் ஆட்டும் ரப்பர் மீன்களை எல்லோரும் வைத்திருப்பார்கள். கடலில் 30 கிராம் ஈயத் தலையில் மாட்டுவோம். இங்கே 5 முதல் 10 கிராம் போதும். முள் நுனியை ரப்பருக்குள்ளேயே புதைத்து வைத்தால் வேலம்பாசியில் சிக்காது.

இறால் மாதிரி செய்த ரப்பர் லூரைப் பலர் கடலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். நம் ஆற்றிலும் வாய்க்காலிலும் இறால் இல்லையா? கொடிவேரிக்குக் கீழே கல் இடுக்குகளில் எவ்வளவு பார்த்திருக்கிறோம்! கடலில் சத்தம் எழுப்பும் தக்கையோடு சேர்த்து அதைத் தொங்கவிடுவார்கள், பாப்பிங் கார்க் என்று பெயர். அந்த முறையை அப்படியே குளத்துக்குக் கொண்டு வரலாம். பாசி ஒரு முழம் கீழே இருக்கிறது என்றால், லூர் அதற்குச் சற்று மேலே நிற்கும்படி தக்கையைக் கட்டுங்கள். தக்கையை ஒரு வெட்டு வெட்டினால், அதாவது சட்டென்று சுண்டி இழுத்தால், 'களக்' என்று ஒரு சத்தம், அப்புறம் இறால் மெதுவாகத் தாழும். பாசிமேட்டுக்கு மேலே லூரை நிறுத்தி வைக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இறகோ முடியோ கட்டிய ஜிக், அதாவது எடையோடு மூழ்கும் லூர், எல்லாத் தண்ணீருக்கும் ஆகும்.

சீலாவுக்குக் கட்டுகிற இரும்புக் கம்பி லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தனித் துண்டு, இங்கே தேவையில்லை. சின்ன லூரின் ஆட்டத்தையே அது கொன்றுவிடும்.

கடலில் மிதந்த லூர் குளத்தில் மூழ்கிப் போகிறது. லூர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. தண்ணீர்தான் வேறு. ஒரு லிட்டர் கடல் தண்ணீர் சுமார் 1,025 கிராம் இருக்கும், குளத்துத் தண்ணீர் 1,000 கிராம்தான். 40 கன செ.மீ. அளவுள்ள ஒரு லூரைக் கடல் 41 கிராம் வரை தாங்கும், குளம் 40 கிராம் வரைதான் தாங்கும். லூரின் எடை நாற்பதரை கிராம் என்று வையுங்கள். தூத்துக்குடியில் மிதந்தது கோபியில் மெதுவாக மூழ்கும். முழுசாக மிதக்கும் பாப்பரில் இது தெரியாது. தண்ணீருக்கு நடுவில் அப்படியே நிற்கும்படி செய்த லூர்களில்தான் பளிச்சென்று தெரியும்.

சரி செய்ய எளிய வழி உண்டு. கடல் லூர்களில் மாட்டியிருக்கும் மூன்று முள் சேர்ந்த ட்ரெபிள் தடிமனானது. பெரிய மீன் நிமிர்த்திவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய ஒற்றை முள் போடுங்கள். எடை குறையும், பாசியில் சிக்குவது குறையும், மீனின் வாயும் கிழியாது. வீட்டு வாளியில் தண்ணீர் பிடித்து லூரை மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். முள்ளை எடுத்த பிறகு சில லூர்கள் ஒரு பக்கம் சாயும். அப்போது இன்னும் ஒரு நம்பர் பெரிய முள்ளை மாட்டினால் நிமிர்ந்துவிடும்.

ராடு, ரீல், நரம்பு எல்லாம் புதுசாக வாங்க வேண்டுமா?

புது ரீல் வேண்டாம், 3000 அல்லது 4000 அளவு இருந்தால் அதுவே போதும். ராடு மட்டும் மாற்றத்தான் வேண்டும். 60 கிராம் வீசுகிற கடல் ராடில் 10 கிராம் லூரைக் கட்டினால் ராடு வளையாது, லூர் போகாது. ஏழு அடி நீளத்தில், 7 முதல் 25 கிராம் வரை வீசும் ராடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு, அதாவது தூண்டில் கயிறு விஷயத்தில் கடல் பழக்கம் நமக்கு நல்லதே செய்கிறது. தங்கூஸ் நரம்பு இழுவையில் நீளும், பாசிக்குள் இருக்கும் விராலுக்கு அது வசதி. பின்னல் நரம்பு நீளாது. 30 முதல் 40 பவுண்டு பின்னல் போடுங்கள். தெளிந்த தண்ணீரில் இரண்டு முழம் ஃப்ளூரோகார்பன் லீடர் கட்டலாம். இரண்டையும் இணைக்கக் கடல்காரர்கள் போடும் எஃப்ஜி முடிச்சு மெல்லியதாக இருப்பதால் ராடு வளையங்களில் தட்டாமல் ஓடும். ஆகாயத்தாமரைக்கு மேல் தவளை வீசும்போது லீடரே வேண்டாம், பின்னலிலேயே நேராகக் கட்டிவிடுங்கள்.

அடி விழுகிறது, ஆனால் மீன் மாட்டுவதில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

கடலில் வேகமாக இழுத்து வரும்போது மீன் தன் வேகத்திலேயே முள்ளில் மாட்டிக்கொள்ளும். விரால் தவளையை அமுக்கி வாயில் வாங்கிக்கொண்டு, திரும்பி, அப்புறம்தான் கீழே இறங்கும். தண்ணீர் வெடித்ததும் வெட்டினால் லூர் நம் முகத்துக்குத்தான் பறந்து வரும். 'ஒன்று, இரண்டு' என்று மனசுக்குள் எண்ணுங்கள். நரம்பு நகர்வது தெரிந்ததும் பலமாக வெட்டுங்கள். அதன் வாய் எலும்பு கெட்டி, மெதுவாக வெட்டினால் முள் ஏறாது.

இன்னொன்று, ரீலின் பிடிமானம். கடலில் பாறை 50 மீட்டர் ஓடட்டும் என்று தளர்த்தி வைப்போம், ஓடிக் களைக்கட்டும் என்று விடுவோம். குளத்தில் முதல் மூன்று நொடியில் அதைப் பாசியிலிருந்து வெளியே எடுக்காவிட்டால் அது வேரில் நரம்பைச் சுற்றிவிடும். இறுக்கி வையுங்கள்.

குளத்தில் ஏற்றவற்றம் இல்லையே. எந்த நேரத்தில், எந்த இடத்தில் மீன் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கடலில் நான் கற்றுக்கொண்டதில் லூரைவிடப் பெரியது தண்ணீரைப் பார்க்கும் பழக்கம்தான். கடல்காரர்கள் நீவாடு என்பார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, எங்கே கல்லில் மோதித் திரும்புகிறது, எங்கே வேகமும் மெதுவும் சந்திக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் வீசுவார்கள்.

நம் ஊரில் மதகும் வாய்க்காலும்தான் ஏற்றவற்றம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் குளத்து வரத்து வாயில் சின்னக் கெண்டைகள் எதிரேறும். ஓட்டம் வேகமாக வருகிற இடத்தில் வீசாதீர்கள். அதை ஒட்டித் தண்ணீர் சுற்றி நிற்கிற மடுவில் வீசுங்கள், அங்கேதான் பெரியது நிற்கும். தண்ணீர் நிறுத்திய பிறகு பாலத்தடியிலும் மதகுக் குழிகளிலும் மீன் தங்கிவிடும். அணைக்குக் கீழே நிற்கும்போது மட்டும் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும்.

அப்புறம், விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளோடு தனி உறுப்பு ஒன்று உண்டு, அதனால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கியே ஆக வேண்டும். விடிகாலையில் கரையில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். 'ப்ளப்' என்று ஒரு சின்ன வளையம் எழும். அந்த வளையத்தின் மேலேயே வீசாமல், இரண்டு மீட்டர் தாண்டி வீசி, அந்த வழியாகக் கொண்டு வாருங்கள்.

ஆடிக் காற்றில் லூர் பறந்து போகிறது. அந்த இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டியதுதானா?

கடல் பெட்டி தன் அருமையைக் காட்டுகிற மாதங்களே அவைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றுகிற சுற்றில், இறகு மாதிரி லேசான பாஸ் லூர்கள் பத்தடி தள்ளிப் போய் விழும். 10, 15 கிராம் உலோக ஜிக் உருவத்தில் சின்னது, எடை ஓரிடத்தில் திரண்டிருக்கும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

காற்று மேற்கிலிருந்து வந்தால் அலை கிழக்குக் கரையில் அடிக்கும். மிதக்கும் நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னும் குஞ்சு மீன்களும் அந்தப் பக்கம் ஒதுங்கும். கரை கலங்கியிருக்கும். கடற்கரையில் அலை உடையும் இடத்தில் மீன் தேடிப் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை. காற்று முகத்தில் அடிக்கிற கரையில் நின்று வீசுவது கஷ்டம்தான், ஆனாலும் அங்கேயே நில்லுங்கள். கலங்கிய தண்ணீரில் கடலின் நீல வெள்ளி நிறம் கண்ணில் படாது. கருப்போ கிளிப்பச்சையோ போடுங்கள், உள்ளே மணி குலுங்கும் லூராக இருந்தால் இன்னும் நல்லது.

பவானிசாகர், மேட்டூர் மாதிரி ஆழத்தில் ஜிக் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறக்கினால் ஒரு காலையில் ஐந்து ஜிக் போகும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது, பவானிசாகர் 1955-இல். இரண்டிலும் ஊர்களே உள்ளே இருக்கின்றன. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டுவதையும், பவானிசாகரில் டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே வருவதையும் பார்த்திருப்பீர்கள்.

கடலில் பார் என்று சொல்கிற கல்மேடுகளைக் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை வைத்து மீனவர்கள் நினைவில் வைப்பார்கள். ஒரு பனைமரமும் ஒரு கோபுரமும் நேர்கோட்டில் வந்தால் இங்கே பார் என்று கணக்கு. அதையே செய்யுங்கள். கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது ஒரு நாள் தூண்டில் இல்லாமல் போய், பழைய சுவர், மரக்கட்டை, பள்ளத்தின் வாய் எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் குறித்து வாருங்கள். ஐப்பசியில் தண்ணீர் நிறைந்தபோது அந்த நோட்டுதான் உங்கள் வரைபடம். ஜிக்கில் ட்ரெபிளை எடுத்துவிட்டு மேல் முனையில் ஒற்றை முள் மட்டும் கட்டினால் பாதி சிக்கல் தீரும். கடலில் செய்வதுபோல் வேகமாகக் குத்தி ஏற்றாமல், ஒரு சாண் தூக்கி, தளர்ந்த நரம்பில் தானாக விழவிடுங்கள். விழும்போதுதான் கவ்வும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் லூர் போட்டால் உடனே அடிக்கிறதே, அதைப் பிடிக்கலாமா?

வேண்டாம். அது பசியில் அடிப்பதில்லை, பிள்ளைகளைக் காக்க அடிக்கிறது. விரால் தாயும் தகப்பனும் குஞ்சுகளோடு கூடவே திரியும். அந்த மீனைத் தூக்கிய அடுத்த நிமிஷத்திலிருந்து கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும். ஒரு குளத்தில் அடுத்த வருஷம் விரால் இருக்குமா என்பது இந்த இரண்டு, மூன்று வாரத்தில்தான் முடிவாகிறது. நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கரையையே விட்டுவிடுவேன். தெரியாமல் மாட்டிவிட்டால் கையை நனைத்துக்கொண்டு, முள்ளை எடுத்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள். முள்ளின் எதிர்ப்பல்லை முன்கூட்டியே குறடால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு நொடி வேலை.

எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது?

அணைகளிலும் பல குளங்களிலும் மீன்பிடி உரிமை அரசுத் துறையிடமோ கழகத்திடமோ குத்தகைக்காரரிடமோ இருக்கும். கேட்டுவிட்டு இறங்குங்கள். வெள்ளோடும் நஞ்சராயன் குளமும் பறவைச் சரணாலயங்கள், அங்கே தூண்டிலே கூடாது. மாயாறு சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. காவிரி வடிநிலத்துக்கே உரிய திமில் முதுகு மஹசீர் வாழும் ஆறு அது. அழியும் விளிம்பில் இருக்கும் மீன் என்று 2018-இல் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்தப் பக்கம் லூர் கொண்டு போகக் கூடாது.

அமராவதி அணையில் முதலைகள் உண்டு, பவானிசாகர் மேல்பகுதியிலும் உண்டு. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசிய பழக்கத்தை அங்கே கொண்டு போகாதீர்கள்.

நொய்யலில் பிடித்த மீனைச் சமைக்கலாமா?

திருப்பூருக்குக் கீழே பிடித்ததை நான் வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை ஊருக்கே தெரியும்.

என் பையன் டல்லாஸில் இருக்கிறான். அங்கே பாஸ் பிடிக்க ஊரிலிருந்து கடல் லூர் கொண்டு போகலாமா?

தாராளமாக. முதலில் அந்த மாநிலத்து மீன்பிடி உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். கோடையில் பாஸ் ஆழத்தில் கூட்டமாக நிற்கும்போது நம் உலோக ஜிக்கும் அகலமான ஸ்பூனும் நன்றாக எடுபடும். குளிர்காலத்தில் முடி கட்டிய ஜிக்கை மிக மெதுவாகத் தரையோடு நகர்த்த வேண்டும். வசந்தத்தில் தண்ணீர் 15 முதல் 20 டிகிரிக்கு வரும்போது ஓரத்துக்கு வந்து முட்டையிடும். அப்போது ஆண் பாஸ் கூட்டைக் காக்கும். விராலுக்குச் சொன்னதே அங்கேயும்.

டல்லாஸுக்கு வடக்கே டெக்ஸோமா ஏரி இருக்கிறது. அங்கே ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற கடல் மீனே நன்னீரில் குடியேறி, இனம் பெருக்கி வாழ்கிறது. திறந்த தண்ணீரில் கூட்டமாக இரையைத் துரத்தும். அதற்கு மட்டும் தூத்துக்குடியில் வீசியது மாதிரியே வேகமாக வீசலாம்.

பாஸ் குஞ்சு கிடைத்தால் எங்கள் தோட்டத்துக் குட்டையில் விடலாமா?

தயவு செய்து விடாதீர்கள். மழையில் குட்டை உடைந்தால் பள்ளம், பள்ளத்திலிருந்து பவானி, அப்புறம் காவிரி. ஜப்பானில் ஏரிகளின் சொந்த மீன்களை பாஸ் தின்று தீர்த்ததால், 2005-இல் சட்டம் போட்டு அதை வளர்ப்பதையும் கொண்டு போவதையும் தடுத்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த ஜிலேபி இன்று எந்தக் குளத்தில் இல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

கடலுக்குப் போய் வந்த லூரை அடுத்த வாரமே குளத்தில் வீசலாமா?

நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு வீசுங்கள். உப்பு முள் வளையங்களில் தங்கிவிட்டால் ஒரு மாதத்தில் துரு ஏறும், ரீல் சக்கரத்திலும் அப்படியே. ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்போதும் கழுவுங்கள். ட்ரெபிளில் ஒட்டிய ஒரு துண்டுப் பாசி புதுக் குளத்தில் வேர் பிடிக்க அது போதும்.